கம்பியூட்டருக்கு வோட் எத்தனை என்பதையும் விளம்பரத்தில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வார இதழின் சிறுவிளம்பரப் பக்கத்தில் கொஞ்ச காலமாக ஒரே அச்சில் வார்த்த மாதிரி விளம்பரங்கள் வருகின்றன. ‘ஐ5 கம்பியூட்டர், 4 ஜிபி கிரபிக்ஸ் கார்ட்டுடன், உயர்தர மாணவர்களுக்கு உகந்தது’ என்று ஒரு வரி. கீழே ஒரு தொலைபேசி இலக்கம். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைக் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருப்பதும் இதே வரிதான். அந்த வரியை நம்பி வாங்கிய பெட்டிகள் பிறகு என் மேசைக்கு வருகின்றன. அதனால் இதைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷனாக வேலை செய்தவன். வேலையை விட்ட பிறகு தலவாக்கலையில் வீட்டு முன்னறையில் கம்பியூட்டர் திருத்துகிறேன். மோட்டரோ மதர்போர்டோ, எதைக் கொண்டுவந்தாலும் எத்தனை வோட் (அதாவது எவ்வளவு மின்சக்தி), எத்தனை அம்பியர் என்று லேபிளில்தான் என் கண் முதலில் போகும். மேலே சொன்ன விளம்பரத்தில் இல்லாத விஷயமும் அதுவே.

பெட்டியைக் குறை சொல்ல நான் வரவில்லை. டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்சென்டர் என்று அலுவலகங்கள் கழித்துக் கட்டிய சின்னப் பெட்டிகள்தான் இன்று மலையகத்தில் பாதிப் பிள்ளைகளின் கம்பியூட்டர். நல்ல இயந்திரங்கள். சும்மா இருக்கும்போது 30 வோட்டுக்கு அக்கம்பக்கம்தான் இழுக்கும். லயத்து வீட்டில் ஒரே வயரில் பல்பு, டிவி, ரைஸ் குக்கர் எல்லாம் தொங்குகிற இடத்தில் இது பெரிய காரியம். இன்னொன்று, மின்சார பில் கணக்கு. மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஒரு பட்டியல், தாண்டினால் வேறு பட்டியல். தாண்டிய அலகுக்கு மட்டுமல்ல, முதல் 60 அலகுக்கும் கூடிய விலை போடுவார்கள், நிலையான கட்டணமும் ஏறும். 75 வோட் கிரபிக்ஸ் கார்ட் (திரைக்குப் படம் தயாரிக்கிற தனிப் பலகை) ஒன்று முழு மூச்சில் தினமும் ஐந்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 11 அலகுக்கு மேல் போகும். 30 வோட் கார்ட் என்றால் நாலரை அலகு. 55 அலகில் நிற்கிற வீட்டுக்கு இந்த வித்தியாசம் என்ன என்பது பில் கட்டுகிற அம்மாவுக்குத் தெரியும். (மேல் கொத்மலையில் 150 மெகாவோட் பிறக்கத் தண்ணீரைத் தேக்குகிற அணை இருப்பது எங்கள் ஊர் வாசலில்தான். அதற்காக எங்களுக்கு யாரும் விலை குறைத்ததில்லை.)

இப்போது கார்ட்டுக்கு வருவோம். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற ஒரு தங்கச்சி, மகள் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறாள் என்று சீட்டுக் காசை எடுத்து டவுனில் ஒரு கடையில் இப்படி ஒரு பெட்டி வாங்கினாள். “நாலு ஜிபி கார்ட் போட்டிருக்குண்ணே, ஆனா பழைய கம்பியூட்டரை விட மெதுவா இருக்கு” என்று கொண்டுவந்தாள். உள்ளே இருந்தது ஜிடி 730. 2014இல் வந்த கார்ட். இந்தப் பெயரில் ஒன்றல்ல, மூன்று விதமான கார்ட்டுகள் சந்தைக்கு வந்தன. ஒன்று அதற்கும் முந்திய தலைமுறைச் சிப்பைப் போட்டு 49 வோட் இழுப்பது. மற்ற இரண்டும் புதிய சிப், ஆனால் ஒன்றில் டிடிஆர்3 மெமரி, ஒன்றில் அதைவிட வேகமான ஜிடிடிஆர்5. டிடிஆர்3 கார்ட்டில் சிப்புக்கும் மெமரிக்கும் இடையே செக்கனுக்கு 14.4 ஜிபி போய்வரும். ஜிடிடிஆர்5 என்றால் 40 ஜிபி. பிள்ளையின் பெட்டியில் இருந்தது புதிய சிப்போடு வந்த டிடிஆர்3 கார்ட். கொழுந்து வாட்டுகிற மாடி எத்தனை பெரிதாக இருந்தாலும் கீழே ஒரே ஒரு ரோலர் ஓடினால் எவ்வளவு தூள் விழும் என்று தொழிற்சாலையில் நின்றவர்களுக்குத் தெரியும். அந்த 4 ஜிபி அப்படிப்பட்ட மாடி. அதை நிரப்பி வேலை வாங்க அந்தச் சிப்பால் முடியாது. ஆனால் விளம்பரத்தில் போட வசதியான எண் அதுதான்.

இதே சங்கதி ஜிடி 1030 கார்ட்டிலும் உண்டு. 2017இல் வந்தபோது ஜிடிடிஆர்5 மெமரி, 30 வோட், செக்கனுக்கு 48 ஜிபி. அடுத்த வருடம் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு ஒன்று வந்தது. அதில் 16.8 ஜிபி மட்டும். பெட்டியின் அட்டையில் இரண்டுக்கும் பெயர் ஒன்றே. கடைக்காரருக்கே வித்தியாசம் தெரியாமல் விற்கிறார் என்று சில இடங்களில் நினைக்கலாம். எல்லா இடத்திலும் அப்படி நினைக்க என்னால் முடியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிள்ளையின் பெட்டியில் 4 ஜிபி ரெம் (கார்ட்டுடையது அல்ல, கம்பியூட்டரின் சொந்த மெமரி) ஒரு துண்டுதான் குத்தியிருந்தது. பக்கத்து ஸ்லொட் காலி. அதே அளவில் இன்னொரு துண்டைச் சரியான ஸ்லொட்டில் குத்தினால் இரண்டும் சோடியாக ஓடும். டிடிஆர்3-1600 ரெம் என்றால் 12.8 ஜிபி வேகம் 25.6 ஆகும். அதாவது கார்ட்டே இல்லாமல், இன்டெல் புரொசஸருக்குள் சும்மா கிடக்கிற கிரபிக்ஸுக்கு, அந்த டிடிஆர்3 கார்ட்டின் மெமரியை விட அகலமான பாதை கிடைக்கிறது. புரொசஸரோடு பங்கு போட வேண்டும் என்பது உண்மை. ஆனாலும் ரெம் துண்டு மொத்தக் கம்பியூட்டருக்கும் உதவும், கார்ட் உதவாது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு எஸ்எஸ்டி, இன்னொரு ரெம் துண்டு. பிள்ளை இரு பரிமாண வரைபடமும் பவர்பொயின்டும் சூம் வகுப்பும்தான் செய்கிறாள் என்றால் அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கார்ட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டேன். தங்கச்சி அதைக் கடைக்குக் கொண்டுபோனாள். வாரண்டி சீலை உடைத்தாயிற்று என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கார்ட்டே வேண்டாம் என்பவன் அல்ல நான். வேண்டியவர்களுக்கு வேண்டும். பொகவந்தலாவைப் பக்கம் கலியாண வீடு, சடங்கு வீடு வீடியோ எடுக்கிற ஒரு தம்பி இருக்கிறார். எடிட் பண்ணி முடித்து வீடியோவை வெளியே எடுக்க ராத்திரி முழுக்க ஆகிறது என்று ஜிடி 1030 வாங்கிப் போட்டார். ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. அந்தக் கார்ட்டில் வீடியோ பார்ப்பதை இலகுவாக்குகிற பகுதி இருக்கிறது, வீடியோவைச் சுருக்கி எழுதுகிற பகுதி இல்லை. ஆர்எக்ஸ் 6400 என்று 2022இல் வந்த கார்ட்டிலும் இல்லை. இன்டெல் புரொசஸருக்குள் இருக்கிற கிரபிக்ஸில் குயிக் சிங்க் என்ற பெயரில் அது இருக்கிறது. ஆனால் கார்ட்டைக் குத்தியதும் பல பெட்டிகளில் அந்த உள் கிரபிக்ஸ் தானாக அணைந்துவிடும். ஆகக் காசு கொடுத்து, கையில் இருந்ததையும் அணைத்து வைத்திருந்தார் தம்பி. சில மொடல்களில் பயோஸில் (விண்டோஸ் வருமுன் திறக்கிற அமைப்புப் பக்கம்) மல்டி டிஸ்ப்ளே என்று ஒரு தெரிவு இருக்கும். அதைப் போட்டால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். அவருடையதில் அது இருந்தது, போட்டுக்கொடுத்தேன். உங்கள் வாசகர்களில் வீடியோக்காரர்கள் இருந்தால் கார்ட் வாங்குமுன் இதைப் பார்த்துக்கொள்ளட்டும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, குவாட்ரோ பி400, பி620 போன்றவற்றில் எழுதுகிற பகுதியும் உண்டு. குவாட்ரோ பி400 30 வோட்தான், பி620 40 வோட். ஒற்றை ஸ்லொட், அரை உயரம். இந்தப் பெட்டிகளுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கும். பழையதாகக் கிடைக்கிறது, ஆனால் விளம்பரத்தில் வராது. குவாட்ரோ என்ற பெயருக்கு மயங்குகிற பிள்ளை குறைவு போலும்.

இனி நான் எழுத வந்த முக்கியமான இடம். சின்னப் பெட்டியின் பவர் சப்ளை, அதாவது சுவர் மின்சாரத்தை மாற்றி உள்ளே பிரித்துக் கொடுக்கிற பகுதி, சின்னது. ஒப்டிபிளெக்ஸ் 9020 சிறிய பெட்டியில் 255 வோட், 3050இல் 180 வோட். 3050 பிந்தியது, ஆனால் சப்ளை சிறியது. ‘புது மொடல், நல்லா இழுக்கும்’ என்று சொல்கிறவரிடம் இதைக் கேளுங்கள். நான்காம் தலைமுறை ஐ5-4590 புரொசஸர் 84 வோட், ஆறாம் தலைமுறை ஐ5-6500 என்றால் 65. அதோடு மதர்போர்ட், டிஸ்க், ரெம், விசிறி. 180 வோட் சப்ளையில் 75 வோட் கார்ட்டைப் போட்டால் மீதி என்ன என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கூட்டிச் சொல்லும். ஸ்லொட் வழியாகக் கார்ட் ஒன்றுக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் 75 வோட். அதிலும் 12 வோல்ட் பாதையில் ஐந்தரை அம்பியர், அதாவது 66 வோட்தான். சில கம்பனிப் பெட்டிகளின் கையேட்டில் அந்த ஸ்லொட்டுக்கு இதைவிடக் குறைந்த எல்லையே போட்டிருக்கும்.

அப்படியானால் பெரிய சப்ளை மாற்றலாமே என்பார்கள். 9020இன் மதர்போர்ட்டுக்குப் போகிற முக்கிய பிளக் எட்டு முனை. எச்பி 800 ஜி1இல் ஆறு முனை. கடையில் கிடைக்கிற சாதாரண சப்ளையின் 24 முனை பிளக் இதில் போகாது. பெட்டிக்குள் அந்தச் சப்ளையை வைக்க இடமும் இல்லை. இங்கேதான் ஆபத்தான குறுக்குவழி வருகிறது. தனியாக ஆறு முனை மின்சாரம் கேட்கிற பெரிய கார்ட்டை விற்றுவிட்டு, டிஸ்க்குக்குப் போகிற சாட்டா வயரை அதற்கு மாற்றிக்கொடுக்கிற ஒரு துண்டு வயரையும் இலவசமாகத் தருகிறார்கள். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு இருப்பது மூன்று மெல்லிய முனைகள், முனைக்கு ஒன்றரை அம்பியர், ஆகக்கூடியது 54 வோட். ஆறு முனை பிளக் 75 வோட் வரை கேட்கலாம். என் மேசையில் அப்படி வந்த ஒரு பிளக்கை இன்னும் எறியாமல் வைத்திருக்கிறேன். மஞ்சள் வயர் நுழைகிற பக்கம் கறுப்புப் பிளாஸ்டிக் உருகிப் பொங்கி, வயரின் மேலுறை ஒரு அங்குலத்துக்குத் தவிட்டு நிறமாகிச் சுருங்கியிருக்கிறது. முனை ஒன்று பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போய் வெளியே வரவில்லை. பிளக்கை மூக்கருகே கொண்டுபோனால் இன்றைக்கும் கருகல் வாடை. ஃபியூஸ் போகவில்லை, ட்ரிப் சுவிட்ச் விழவில்லை. விழவும் மாட்டாது, ஏனென்றால் சுவரிலிருந்து பார்த்தால் அது சின்னச் சுமைதான். சூடு ஒரே முனையில். பலகைத் தட்டும் சாக்குப் படுதாவும் உள்ள லயத்து அறையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஒரு வரிசை லயம் பற்றினால் எத்தனை வீடு போகும் என்பதைப் பத்திரிகைக்காரர்களான நீங்கள் எங்களை விட அதிகம் எழுதியிருப்பீர்கள்.

உயரம் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டிகளுக்கு அரை உயரக் கார்ட்தான் பொருந்தும். கார்ட்டின் முகப்பில் இருக்கிற தகடு முழு அளவு என்றால் சுமார் 12 சென்றிமீற்றர், அரை அளவு சுமார் 8. அரைத் தகட்டைக் கையில் வைத்திருக்காத கடைகள் முழுத் தகட்டைக் கழற்றிவிட்டுக் கார்ட்டை அப்படியே ஸ்லொட்டில் நிற்க வைக்கின்றன. எச்டிஎம்ஐ வயரின் பாரம் போதும், ஒரு மாதத்தில் கார்ட் சாய்ந்து படம் போய்விடும். பிறகு நம் பனி. டிசம்பரிலும் ஜனவரியிலும் காலையில் பெட்டியைத் தொட்டால் ஈரம் கையில் ஒட்டும். சாய்ந்து நிற்கிற கார்ட்டின் பொன் முனைகளில் பச்சை பிடித்துவிடும். பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போகும், ஆனால் தகடு இல்லாவிட்டால் திரும்ப வரும்.

மொனிட்டரையும் மறந்துவிடுகிறார்கள். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் நீல பிளக் வைத்த பழைய விஜிஏ மொனிட்டர். ஜிடி 1030 முதலான கார்ட்டுகளில் அந்தப் பழைய வழி சிக்னல் அறவே இல்லை. விலை குறைந்த மாற்றிப் பிளக்கை டிவிஐ வாயில் குத்தினாலும் படம் வராது, உள்ளே சிப் வைத்த மாற்றி வேண்டும். குவாட்ரோவில் மினி டிஸ்ப்ளேபோர்ட், அதற்கு வேறு வயர். ‘கார்ட் பழுது’ என்று என்னிடம் வருகிறவற்றில் கணிசமானவை பழுதே இல்லை. வயரைக் கார்ட்டில் குத்தாமல் மதர்போர்ட்டின் பழைய வாயிலேயே விட்டவர்களும் இதில் சேர்த்தி.

புத்தகம் அளவில் உள்ள இன்னும் சிறிய பெட்டிகளைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. அவற்றில் பலதுக்கும் கார்ட் ஸ்லொட்டே கிடையாது, லெப்டொப் மாதிரி வெளியே ஒரு சார்ஜர். யூடியூப்பில் பார்த்துவிட்டு எஸ்எஸ்டி வாயில் வயர் கோத்துக் கார்ட் மாட்டலாமா என்று கேட்கிற தம்பிமாருக்கு என் பதில், மாட்டலாம், ஆனால் அந்தக் காசுக்கு வேறு பெட்டி வாங்கலாம் என்பதே.

கேம் விளையாடத்தானே இந்தக் கார்ட்டெல்லாம், பிள்ளைகள் கெட்டுப்போகட்டும் என்றா இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறாய் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். விளையாடட்டுமே. மாதக்கணக்கில் சாரலும் மூடுபனியுமாக இருக்கிற ஊரில் பையன் வீட்டுக்குள் உட்கார்ந்து கேம் விளையாடுவது எனக்குக் குற்றமாகப் படவில்லை. ஏமாந்த கார்ட்டில் விளையாடக் கூடாது, அவ்வளவுதான். பழைய சிப்பின் உள்மென்பொருளை மாற்றி 1050 டிஐ என்று பெயர் காட்டுகிற போலிக் கார்ட்டுகளும் சந்தையில் உண்டு. விண்டோஸில் பெயரைப் பார்த்து நம்ப வேண்டாம். ஜிபியூ-செட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் போலி என்றால் பெயருக்கு முன்னாலேயே அப்படிக் காட்டும். மெமரி டிடிஆர்3 ஆ ஜிடிடிஆர்5 ஆ என்பதும் அதிலேயே தெரியும். கடையில் வைத்தே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்னொரு விஷயத்தையும் விற்கிறவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. நான்காம், ஆறாம் தலைமுறைப் பெட்டிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. ஜிடி 710, அந்த டிடிஆர்3 ஜிடி 730 முதலானவற்றுக்கு அவற்றின் சிப்பைச் செய்த என்விடியா கம்பனி புதிய டிரைவர் (கார்ட்டை இயக்குகிற மென்பொருள்) தருவதையும் நிறுத்திவிட்டது. இதனால் நாளைக்கே பெட்டி நின்றுவிடாது. ஆனால் ‘நாலைந்து வருஷம் கவலை இல்லை’ என்று சொல்லி விற்பது பொய்.

கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தாக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால் தங்கச்சியின் பற்றுச்சீட்டில் ‘கம்பியூட்டர் 1’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. அதை வைத்து யாரிடம் என்ன முறைப்பாடு செய்வது? கார்ட்டின் முழுப் பெயர், மெமரி வகை, பவர் சப்ளையின் வோட், இந்த மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதினால்தான் காசு தருவேன் என்று வாங்குகிறவர்கள் நின்றுகொள்ள வேண்டும். தமிழில் எழுதினாலும் சிங்களத்தில் எழுதினாலும் சரி.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது சிறிய உதவி. சிறுவிளம்பரத்துக்குச் சொல் கணக்கில் காசு என்பது எனக்குத் தெரியும். ஒரு சொல் கூடினால் கட்டணம் கூடும் என்ற சாக்கில்தான் 4 ஜிபியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கம்பியூட்டர் விளம்பரங்களில் சப்ளையின் வோட்டுக்கும் கார்ட்டின் பெயருக்கும் மெமரி வகைக்கும் காசு வாங்காமல் விடுங்கள். அப்படி விடுவதாகப் பக்கத்தின் மேலே ஒரு பெட்டிச் செய்தியும் போடுங்கள். அதன் பிறகும் போடாத விளம்பரத்தின் இலக்கத்துக்குக் கோல் எடுத்து, எத்தனை வோட் என்று கேட்கிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத் தொழிற்சாலை எலக்ட்ரீஷன்,
தலவாக்கலை.
(பெயரும் விலாசமும் ஆசிரியருக்கு மட்டும்)